வெனிஸுக்கு அரை நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உலகின் எழில் நகரங்களைப் பற்றி வாரந்தோறும் வெளிவரும் தொடரை நானும் என் மனைவியும் ஒரு வாரம்கூடத் தவறவிடாமல் படித்துவருகிறோம். வெளிநாட்டுப் பயணம் வசதி படைத்தவர்களுக்கே உரியது என்றிருந்த நிலை மாறி, பிள்ளைகள் வேலை பார்க்கும் நாட்டுக்குப் போய்வரும் ஓய்வூதியர்களும், ஆண்டுக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேமித்துச் சுற்றுலாக் குழுவோடு கிளம்பும் குடும்பங்களும் பெருகிவிட்ட இக்காலத்தில், இத்தகைய தொடர் தமிழில் வருவது மிகவும் தேவையானது. ஆனால் சென்ற வாரம் இத்தாலியின் வெனிஸ் நகரைப் பற்றி வந்த கட்டுரையின் இரண்டு வாக்கியங்கள் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. 'வெனிஸைச் சுற்றிப் பார்க்க அரை நாள் போதும்' என்பது ஒன்று. 'கடல் விழுங்குவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்' என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நம்பி ஒரு வாசகர் புறப்பட்டுப் போனால், அவரும் அந்த நகரைப் பார்த்திருக்கமாட்டார், அவரால் அந்த நகருக்கும் நன்மை விளைந்திராது என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பித்து 2016-இல் ஓய்வுபெற்றேன். அந்த ஆண்டே, பத்து நாளில் ஆறு நாடுகள் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு சுற்றுலா நிறுவனத்தின் மூலம் நாங்கள் இருவரும் ஐரோப்பா சென்றோம். வெனிஸுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் மூன்றரை மணி. பேருந்து நிறுத்தத்திலிருந்து படகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் புனித மாற்கு சதுக்கத்தின் அருகே இறக்கிவிட்டார்கள். மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடந்த வழிகாட்டியைக் கூட்டத்தில் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற கவலையில், குழுவிலிருந்த நாற்பத்திரண்டு பேரும் அந்தக் குடையை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தோம். பேராலயத்தின் முன் வரிசை நீண்டிருந்ததால் உள்ளே போகவில்லை. மதியம் சதுக்கத்தின் ஓரப் படிகளில் உட்கார்ந்து, குழுவினருக்குத் தரப்பட்ட எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைப் பிரித்தோம். பிரித்த சற்றைக்கெல்லாம் நகராட்சிப் பணியாளர் ஒருவர் வந்து, இங்கே அமர்ந்து உண்ணக் கூடாது என்று தன்மையாகவே சொல்லி எங்களை எழுப்பிவிட்டார். அந்த விதி எங்கள் வழிகாட்டிக்குத் தெரிந்தே இருந்தது. எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. என் மனைவி அந்தப் பொட்டலத்தை மறுபடி கட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு மார்க்கோ போலோவைப் பற்றிப் பாடம் நடத்திய நான், அவருடைய ஊருக்கே வந்து, அவருடைய வீடு இருந்த இடம் எது என்று ஒருவரிடமும் கேட்க நேரமில்லாமல் பேருந்துக்குத் திரும்பினேன். தங்கள் கட்டுரையாளர் சொல்லும் அரை நாள் என்பது இதுதான்.

இரண்டாவது வாய்ப்பு 2024 நவம்பரில் கிடைத்தது. என் மகன் இப்போது பதுவையில் பணியாற்றுகிறான். எங்கள் பக்கத்து மக்கள் கோடி அற்புதர் என்று கொண்டாடும் புனித அந்தோணியாரின் பதுவைதான் அது. அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் அரை மணி நேரம். பதுவையில் தங்கிக்கொண்டு பகலில் வெனிஸுக்குப் போய்வரலாமே என்று நாங்கள் சொன்னபோது, 'அப்படிப் போய்வருகிறவர்களால்தான் அந்த ஊர் திணறுகிறது, அங்கேயே தங்குங்கள்' என்று அவன் வற்புறுத்தி, கன்னரேஜியோ பகுதியில் அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு விருந்தினர் இல்லத்தில் ஆறு இரவுகளுக்கு அறை எடுத்துக் கொடுத்தான்.

மாலை ஆறு மணிக்கு மேல் அந்த நகரம் வேறு ஊராகிவிடுகிறது. பகல் பயணிகள் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் வடிந்துபோன பிறகு, மோட்டார் வண்டி ஒன்றுகூட ஓடாத தெருக்களில் நம் காலடி ஓசை நமக்கே கேட்கிறது. விடியற்காலையில் அதற்கு நேர்மாறான பரபரப்பு. குப்பை அள்ளுவோர் வீடு வீடாக வந்து பைகளை வாங்கிப் படகில் ஏற்றுகிறார்கள். கடைக்கு வரும் தண்ணீர்ப் புட்டியும் மாவு மூட்டையும் மட்டுமல்ல, மருத்துவமனைக்குப் போகும் நோயாளியும், சான் மிக்கேலே என்னும் கல்லறைத் தீவுக்குப் போகும் இறுதி ஊர்வலமும் படகில்தான். படகுத்துறையிலிருந்து கடை வரைக்கும் சுமை கொண்டுபோக ஒரு தள்ளுவண்டி வைத்திருக்கிறார்கள். பாலத்துப் படிகளில் ஏற்றுவதற்கென்றே அதன் முன்பக்கத்தில் இரண்டு சிறு சக்கரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் விடுதிக்கு அருகிலிருந்த பாலத்தில் தினமும் காலையில் ஓர் இளைஞர் அந்த வண்டியைப் படிக்குப் படி உந்தி ஏற்றிக்கொண்டே 'ஓச்சோ, ஓச்சோ' என்று குரல் கொடுப்பார். வெனிஸ் மக்களின் பேச்சில் அதற்குக் 'கண்' என்று பொருளாம். சுமையோடு வரும்போது நாம் 'பார்த்து, பார்த்து' என்று சொல்வதும் அதே பொருளில்தானே என்று என் மனைவி சொன்னாள்.

விடுதியின் எதிரே ஒரு சிறு திடல். அதன் நடுவே கல்லால் மூடிய ஒரு கிணறு. நகரம் முழுவதும் இத்தகைய கிணறுகளைக் காணலாம். கடல் சூழ்ந்த ஊரில், தோண்டினால் உப்பு நீரே வரும் மண்ணில், இத்தனை கிணறுகள் எப்படி என்று எனக்கு வியப்பாக இருந்தது. விசாரித்தபோதுதான் அவை ஊற்றுக் கிணறுகள் அல்ல, மழைநீர்த் தொட்டிகள் என்று தெரிந்தது. திடலின் அடியில் களிமண் பூசிய பெரும் குழி ஒன்றை அமைத்து மணலால் நிரப்பியிருக்கிறார்கள். தளக்கற்களுக்கு இடையே உள்ள துளைகளின் வழியே இறங்கும் மழைநீர் அந்த மணலில் வடிந்து, தெளிந்து, நடுவிலுள்ள செங்கல் உறைக்குள் ஊறி நிற்கும். 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் வழியே நீர் வரும்வரை நகரத்தின் குடிநீர் இதுவே. அந்நகரின் கட்டடங்களும் இவ்வாறே வியக்கத்தக்கவை. சேற்று நிலத்தில் மரக்கம்பங்களை நெருக்கி அடித்து இறக்கி, அவற்றின் மீது பலகையும், உப்பு நீர் எளிதில் ஊடுருவாத இஸ்திரியக் கல்லும் பரப்பி, அதன்மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். காற்றுப் புகாத சேற்றுக்குள் இருப்பதால் அந்த மரம் நூற்றாண்டுக் கணக்கில் உளுத்துப்போகாமல் பாரம் தாங்குகிறது. மாளிகைகளின் முகப்பைப் படம் எடுத்துக்கொள்ள அரை நாள் போதுமானதாக இருக்கலாம். இந்த நகரம் எப்படி நிற்கிறது, எதைக் குடித்து வாழ்ந்தது என்று நின்று கேட்க அது போதாது.

மார்க்கோ போலோவின் வீடு இருந்த இடத்தையும் இம்முறை தேடிக் கண்டுபிடித்தேன். ரியால்டோ பாலத்துக்குச் சற்று வடக்கே, ஒரு தாழ்ந்த வளைவுக்குள் நுழைந்தால் 'மிலியோன் முற்றம்' என்னும் சிறு வெளி வருகிறது. போலோ குடும்பத்தின் இல்லம் அவ்விடத்தில் இருந்தது. பழைய வளைவு ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைக் கண்டு, அங்கே அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதையும் முத்துக் குளிப்பையும் எழுதி வைத்தவர் அவர். இன்றைய பழையகாயலைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நடத்திய எனக்கு, அந்த முற்றத்தில் நின்றபோது ஒரு செய்தி புதிதாக மனத்தில் பட்டது. வெனிஸும் ஒரு காயலின் நடுவே அமைந்த ஊர்தான். கடலுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பில் பிறந்து வளர்ந்த ஒருவர், வண்டல் படியப் படியத் துறைமுகமாக இருக்கும் தகுதியை இழந்துவிட்ட நம் காயலை அதன் செழிப்பான நாளில் பார்த்திருக்கிறார்.

மீன் சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயைக் கடந்து அங்கே போவதற்குச் சாந்தா சோபியா துறையிலிருந்து ஓடத்தில் ஏறலாம். சுற்றுலாக் கோந்தோலா அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அதே வகைப் படகில், இரண்டு துடுப்புக்காரர்களோடு, ஊர் மக்களுடன் சேர்ந்து அக்கரைக்குப் போக 2 யூரோ. சந்தையின் அருகே சுவரில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. எந்த மீனை எந்த நீளத்துக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று அதில் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். விலாங்குக்கு 25 சென்டிமீட்டர். குஞ்சு மீனை அள்ளிவிட்டால் நாளைக்குக் கடலில் ஒன்றும் இராது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் மன்றாடிக்கொண்டிருப்பதை, அங்கே கல்லில் வெட்டிச் சட்டமாக நிறுத்தியிருந்தார்கள். ஆனால் சந்தையில் கடைகள் குறைந்துவிட்டன. மீன் வாங்கிச் சமைப்பவர் அந்த ஊரில் குடியிருப்பவர்தானே? குடியிருப்பவர் குறையக் குறைய மீன் கடை மூடப்பட்டு, அங்கே முகமூடியும் காந்தப் பொம்மையும் விற்கும் கடை வருகிறது.

தங்கள் கட்டுரை மறைத்துவிட்ட உண்மையான ஆபத்து இதுவே. 1951-இல் வெனிஸின் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. ரியால்டோவுக்கு அருகில், சான் பர்த்தொலோமேயோ திடலில் உள்ள ஒரு மருந்துக்கடையின் சன்னலில், இன்று எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை எண்ணால் காட்டும் மின்பலகையை 2008-இல் வைத்தார்கள். நாங்கள் அதன் முன் வெகுநேரம் நின்றோம். 2023-இல், பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. வீட்டை ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்குப் பயணிகளுக்கு விடுவதில் உரிமையாளருக்குப் பன்மடங்கு லாபம். எனவே இளம் தம்பதியர் வீடு கிடைக்காமல் நிலப்பகுதியிலுள்ள மேஸ்திரேவுக்குக் குடிபோகிறார்கள். அவர்களோடு பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையும், தச்சுக் கடைகளும், இறைச்சிக் கடைகளும் போய்விடுகின்றன.

கடலின் ஆபத்து பொய் என்று நான் சொல்லவில்லை. 1966 நவம்பர் 4 அன்று ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2019 நவம்பர் 12 இரவு 187 சென்டிமீட்டர் உயர்ந்து பேராலயத்துக்குள்ளும் புகுந்தது. மார்கெரா தொழிற்பேட்டை நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் கடந்த நூற்றாண்டில் நிலமும் தாழ்ந்தது; 1970களில் அதை நிறுத்திய பிறகுதான் வேகம் தணிந்தது. ஆனால் கடலுக்கு எதிராக அம்மக்கள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. காயலுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மூன்று முகத்துவாரங்களிலும், வேண்டும்போது எழும்பும் 78 மதகுகளை நீரடியில் பொருத்தியிருக்கிறார்கள். விவிலியத்தில் கடலைப் பிளந்தவரின் நினைவு வருமாறு அத்திட்டத்துக்கு மோசே என்று பெயர். 2020 அக்டோபர் 3 அன்று அம்மதகுகள் முதன்முறையாக உயர் ஓதத்தைத் தடுத்து நிறுத்தின. கடல் மட்டம் உயர்ந்துகொண்டே போகும் காலத்தில் அவை எத்தனை ஆண்டுகள் ஈடுகொடுக்கும் என்ற கவலை அங்கே எல்லோருக்கும் இருக்கிறது. என்றாலும், மூழ்குவதற்குள் பார்த்துவிடுங்கள் என்று எழுதுவது, நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கூட்டமாக வழியனுப்பப் போகச் சொல்வதைப் போன்றது. அந்த வீட்டில் இன்னும் அடுப்பு எரிகிறது, ஐயா.

அடுப்பு எரிவதை நவம்பர் 21 அன்று நேரில் கண்டோம். 1630-இல் தொடங்கிய கொள்ளை நோயில் நகரத்தின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டார்கள். நோய் தணிந்தால் மாதாவுக்கு ஆலயம் எழுப்புவதாக ஆட்சிமன்றம் நேர்ந்துகொண்டது. அப்படி எழுந்ததே பெருங்கால்வாயின் வாயிலில் நிற்கும் சலூத்தே ஆலயம். அந்த நேர்ச்சையை மறவாமல் ஆண்டுதோறும் அன்று பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைக்கிறார்கள். மக்கள் அதைக் கடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நாங்கள் போன நேரத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மூதாட்டி, பேரனின் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்து, அவன் தன் கைக்குட்டையால் அதை நனையாமல் மூடிக்கொண்டு நடப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வீடுகளில் அன்று சமைப்பது, உப்புக்கண்டம் போட்ட ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் சேர்ந்த ஒரு குழம்பு. எங்கள் ஊர்ப் பனிமய மாதா திருவிழாவில் தேர் பார்க்கும் கூட்டத்தில் நிற்பதுபோலவே எனக்கு இருந்தது. அந்தக் கூட்டத்தில் குடைபிடித்த வழிகாட்டி ஒருவரையும் காணவில்லை.

நகர நிருவாகம் தன்னால் இயன்றதைச் செய்துவருகிறது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள் சதுக்கத்தின் முன்னால் போவதை 2021 ஆகஸ்டு முதல் தடுத்துவிட்டார்கள். 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாள்களில் பகலில் மட்டும் வந்துபோகும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு 29 நாள்களுக்கு இருந்த அது, 2025-இல் 54 நாள்களாயிற்று, கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு 10 யூரோவாகவும் உயர்ந்தது. நகருக்குள் இரவு தங்குவோருக்கு அக்கட்டணம் இல்லை. வழிகாட்டியோடு வரும் குழு 25 பேருக்கு மிகக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்றும் 2024-இல் விதி செய்தார்கள். இவற்றில் ஒன்றுகூடத் தங்கள் கட்டுரையில் இல்லை என்பது எனக்கு வருத்தம் அளிக்கிறது. நம்மவர் அங்கே போய் இறங்கிய பிறகு அபராதச் சீட்டின் மூலம் அறிந்துகொள்வதைவிட, தமிழ் நாளிதழில் முன்பே படித்துத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

தங்குவதற்குச் செலவு கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடையில் கொடுக்கும் வாடகையை நவம்பரில் கொடுக்க வேண்டியதில்லை. துறவற இல்லங்கள் நடத்தும் விடுதிகளில் அறை எளிமையாகவும் தூய்மையாகவும் இருக்கிறது, அங்கே தங்குவதால் ஒரு குடும்பம் வீடிழப்பதும் இல்லை. பத்து நாளில் ஆறு நாடுகள் என்பதை இரண்டு நாடுகள் என்று குறைத்துக்கொண்டால் பேருந்துக் கட்டணமே பெருமளவு மிஞ்சும்.

இது வெனிஸின் கதை மட்டுமன்று. நம் மக்கள் எளிதில் போய்வரக்கூடிய பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே தெருவையொட்டி 1818-இல் கட்டிய ஆங்கிலத் தேவாலயமும், சீனரின் குவான் இன் கோயிலும், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும், சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள் தோற்றுவித்த கப்பித்தான் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் ஊர் அது. அங்கே வெயிலும் மழையும் படாமல் கடைகளின் முன்னால் நடந்துபோகும் வழியை நம்மவர்கள் 'அஞ்சடி' என்றே சொல்கிறார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்தபோது, தலைமுறைகளாக அந்த அஞ்சடிகளை ஒட்டி வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. வீடுகள் அப்படியே நிற்க, உள்ளே இருந்தவர்கள் மாறிவிட்டார்கள்.

எனவே, தொடரில் இனி வரும் ஒவ்வொரு நகரத்தைப் பற்றியும் எழுதும்போது, அங்கே எவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள், எந்த மாதத்தில் கூட்டம் குறைவு, எங்கே தங்கினால் உள்ளூர் மக்களுக்கு இடைஞ்சல் இராது, எந்தெந்த விதிகளை மதிக்க வேண்டும் என்பவற்றையும் சேர்த்து எழுதும்படி தங்கள் கட்டுரையாளர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாரம் வியட்நாமின் ஹோய் ஆன் நகரம் இடம்பெறும் என்று அறிவித்திருக்கிறீர்கள். விளக்குகளையும் ஜப்பானியப் பாலத்தையும் பற்றித் தவறாமல் எழுதுவார்கள். அதோடு, தான் கி என்னும் பழைய வணிகர் வீட்டின் சுவரில் பெருவெள்ளங்கள் ஏறிய உயரத்தை அந்தக் குடும்பத்தார் கோடிட்டு ஆண்டு குறித்து வைத்திருப்பதையும், 1964-ஆம் ஆண்டின் கோடு ஆள் உயரத்துக்கு மேலே இருப்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெனிஸ் கட்டுரையின் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். இந்தக் கோடையில் அங்கே போக முன்பணம் கட்டியிருக்கும் மூன்று குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்.